வைகாசியில் நின்ற கதவு மார்கழியில் விழுவது ஏன்?

கிட்வாய் நகரில் வசிக்கும் சங்க அன்பர் ஒருவர் எழுதியுள்ள கடிதம் இப்பகுதியின் வாசகர் பலருக்கும் பயன்படத்தக்கது. அவரிடம் 2013ஆம் ஆண்டில் பதிவான ஸ்கார்ப்பியோ வண்டி இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்ஜின் விசை செல்லும் வகை. அதன் பின்கதவு கோடை முழுவதும் தூக்கிய இடத்திலேயே நின்றது. மார்கழி பிறந்தபின், விடியற்காலையில் பஜனைக்கு ஆர்மோனியமும் பிரசாதப் பாத்திரமும் ஏற்றும் வேளையில், அது மெல்லக் கீழே இறங்கி ஏற்றுபவர் தலையில் மோதுகிறது. வெயில் ஏறியபின் மறுபடியும் பழையபடி நிற்கிறது. பழுது பார்ப்பவரிடம் நண்பகலில் கொண்டு சென்றால், கதவு நன்றாக நிற்கக் கண்டு, குறையொன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். இதற்கு என்ன செய்வது என்பது அன்பரின் கேள்வி.

அன்பர் கண்டதும் மெய். பழுது பார்ப்பவர் கண்டதும் மெய். இரண்டும் மெய்யாதற்குக் காரணம் கதவின் இருபுறமும் உள்ள இரண்டு சிறு தண்டுகளுக்குள் அடைபட்டிருக்கும் வாயு. எஞ்ஜினுக்கும் டயருக்கும் நாம் காட்டும் கவலையில் பத்தில் ஒரு பங்கும் இத்தண்டுகளுக்குக் காட்டுவதில்லை. ஆயினும் வண்டியின் கனத்த பொறுப்பொன்றை அவை சுமக்கின்றன. 20, 25 கிலோ எடையுள்ள இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த கதவை நம் வீட்டுப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரின் தலைக்கு மேல் தாங்கி நிற்பவை அவையே.

பெயரும் இடமும்

இக்கருவியை வண்டி நூல்கள் கேஸ் ஸ்ட்ரட் என்றும் கேஸ் ஸ்பிரிங் என்றும் கூறும். தில்லிக் கடைகளில் டிக்கி ஷாக்கர் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். நாம் இக்கட்டுரையில் வாயுத்தாங்கி என்று வழங்குவோம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகள் யாவற்றிலும் இது இருக்குமென்று கொள்ளலாகாது. மாருதி ஜிப்ஸி, 1998இல் வந்த டாடா சஃபாரி போன்றவற்றின் பின்கதவு பக்கவாட்டில் திறப்பது. கூடுதல் சக்கரத்தையும் சுமந்துகொண்டு கீலிலேயே தொங்குவது. அவற்றின் கதவைத் தாங்க வாயுத்தாங்கி வேண்டுவதில்லை. 2002இல் வந்த ஸ்கார்ப்பியோ, 2009இல் நம் நாட்டுக்கு வந்த ஃபார்ச்சூனர் ஆகியவற்றின் பின்கதவோ மேல்விளிம்பில் கீல் கொண்டு உயர்ந்து திறப்பது. அத்தகைய கதவுக்கே இருபுறமும் தாங்கிகள் உண்டு. சில வண்டிகளில் முன்புற பானெட்டையும் இவை தாங்குகின்றன. வேறு பலவற்றில் அதற்கு மடக்குக் கம்பியே இன்றும் இருக்கிறது.

வண்டி இல்லாத இல்லத்தாரும் இக்கருவியை அறியாதவர் அல்லர். அலுவலகத்தில் நாம் அமரும் சுழல்நாற்காலியின் நெம்புகோலைத் தூக்கினால் இருக்கை தானே உயர்கிறதே, அதன் நடுத்தண்டில் இருப்பதும் இதன் உறவுப் பொருளே.

உள்ளே இருப்பது யாது?

வெளித்தோற்றத்தில் இது சைக்கிள் பம்பைப் போன்றது. கறுப்பு வண்ணம் பூசிய எஃகுக் குழல் ஒன்று; அதனுள் சென்று வரும் பளபளப்பான தண்டு ஒன்று; தண்டு வெளிவரும் வாயில் ரப்பர் அடைப்பு ஒன்று. குழலுக்குள் நைட்ரஜன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து, ஒரு சிறிதளவு எண்ணெயும் விட்டிருப்பார்கள். நைட்ரஜனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அது எண்ணெயோடு சேர்ந்து தீப்பற்றுவதில்லை. ஈரமின்றி அடைக்கப்படுவதால் துருவுக்கும் இடம் தருவதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு அதுவேயாதலின் எளிதிலும் கிடைக்கிறது.

தண்டின் உள்முனையில் ஒரு பிஸ்டன் உண்டு. அதில் நுண்துளை இருப்பதால் வாயு இருபுறமும் சென்று நிற்கிறது. இருபுறமும் ஒரே அழுத்தம் என்றால் தண்டு ஏன் வெளியே தள்ளப்படுகிறது என்று கேட்கலாம். பிஸ்டனின் ஒரு முகத்தில் தண்டு பொருந்தியிருக்கிறது. தண்டு பிடித்துக்கொண்ட அந்த வட்டத்தின் அளவுக்கு அம்முகத்தில் வாயு அழுத்துவதற்குப் பரப்பு குறைகிறது. ஆகவே மறுமுகம் வெல்கிறது. வாயுவின் அழுத்தத்தைத் தண்டின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் வருவதே தாங்கியின் விசை.

ஒரு கணக்குப் பார்ப்போம். தண்டின் குறுக்களவு 8 மில்லிமீட்டர் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 50 சதுர மில்லிமீட்டர். உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப்போல் 100 மடங்கு இருந்தால் விசை சுமார் 500 நியூட்டன். நம் வீட்டு வழக்கில் 51 கிலோ. கார் டயரில் நாம் அடைப்பது ஏறக்குறைய 2, 2½ மடங்குதான் என்பதை நினைத்தால், விரல் பருமனுள்ள இக்குழலுக்குள் அடங்கியிருக்கும் ஆற்றல் எத்தகையது என்பது விளங்கும். இதை இறுதிவரை நினைவில் கொள்க.

எண்ணெய்க்கு இரண்டு வேலை. ரப்பர் அடைப்பை உலராமல் காப்பது ஒன்று. கதவு மேலே சென்று முடியும் தறுவாயில் அதன் வேகத்தைத் தணிப்பது மற்றொன்று. இவ்விரண்டும் நடைபெற வேண்டுமாயின் கதவு மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கியும் குழல் மேல்நோக்கியும் இருத்தல் வேண்டும். அப்போதுதான் எண்ணெய் அடைப்பின் மேல் தங்கும்.

மார்கழியின் கணக்கு

அன்பரின் கேள்விக்கு வருவோம். அடைபட்ட வாயு சூடேறினால் அழுத்தம் மிகும், குளிர்ந்தால் குறையும். வாயுக்கள் வெப்பத்தில் விரியும் முறையைப் பிரெஞ்சு அறிஞர் சார்ல்ஸ் 1787 வாக்கில் ஆராய்ந்தார். தாங்கியின் மேல் அச்சிட்ட விசை பொதுவாக 20 டிகிரி வெப்பத்துக்கு உரியது. அதிலிருந்து 10 டிகிரி ஏறினால் விசை ஏறத்தாழ 3½ விழுக்காடு கூடும். 10 டிகிரி இறங்கினால் அவ்வளவே குறையும். சென்னையில் இவ்வேற்றுமையை எளிதில் உணரமாட்டோம். தில்லியிலோ வைகாசிப் பகலில் 45 டிகிரியும், மார்கழி விடியலில் 4 டிகிரியும் காண்கிறோம்.

கதவின் எடை 25 கிலோ என்றும், அதன் எடைமையம் கீலிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். கதவு முழுதும் திறந்த நிலையில் தாங்கியின் விசை கீலிலிருந்து 15 சென்டிமீட்டர் தூரத்தில் செயற்படுகிறது என்போம். 25ஐ 50ஆல் பெருக்கி 15ஆல் வகுத்து, இரண்டு தாங்கிகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொன்றும் 41.7 கிலோ தாங்கியாக வேண்டும். புதிய தாங்கிக்கு 51 கிலோ வலிமை, கவலையில்லை. பல ஆண்டுகளில் வாயு சிறிது சிறிதாகக் கசிந்து 100க்கு 15 பங்கு போய்விட்டது என்று கொண்டால், எஞ்சுவது 43.4 கிலோ. அதுவும் 20 டிகிரியில்.

அதே தாங்கி வைகாசிப் பகலில் 47 கிலோ தாங்கும். கதவு கம்பீரமாக நிற்கும். மார்கழி விடியலில் 41 கிலோதான் தாங்கும், வேண்டுவதோ 41.7. கதவு இறங்காமல் என் செய்யும்? கீலின் உராய்வு சிறிது துணை செய்வதால் தடாலென்று விழாமல் தயங்கித் தயங்கி இறங்குகிறது. எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. கோடையில் நிற்பதும் குளிரில் விழுவதுமாக உள்ள தாங்கி, தன் வலிமையின் மிகுதியை இழந்துவிட்டது என்பதே பொருள். அடுத்த மார்கழியில் அது நண்பகலிலும் விழும்.

ஆதலின் அன்பருக்கு நம் விடை: தாங்கிகள் மாற்றத்தக்கவை. அவற்றைச் சோதிக்க நண்பகல் ஏற்ற நேரமன்று, விடியற்காலையே ஏற்றது.

சோதிக்கும் முறை

விடியலில், வண்டியை எடுப்பதற்கு முன், காற்றில்லாத இடத்தில், கதவைக் கையால் பிடித்தபடியே பாதிக்கு மேல் உயர்த்துக. நல்ல தாங்கியாயின் அவ்விடத்திலிருந்து அதுவே மேலே கொண்டு செல்லும். முழுதும் திறந்தபின் இரண்டு நிமிடம் காத்திருந்து, விளிம்பு இறங்குகிறதா என்று நோக்குக. பின்னர் விளிம்பை ஒரு விரலால் மெல்லக் கீழே அழுத்தி விடுக, மீண்டும் எழவேண்டும். இச்சோதனை முழுவதிலும் தலையைக் கதவின் கீழ் நீட்டலாகாது. குழந்தைகளை அருகில் விடலாகாது.

கண்ணால் காணும் அடையாளங்களும் உண்டு. தண்டின் மீதோ அடைப்பின் ஓரத்திலோ எண்ணெய்ப் பசை படிந்திருந்தால் அடைப்பு தேய்ந்துவிட்டது. தண்டில் துருப்புள்ளியோ கீறலோ இருந்தால், அது ஒவ்வொரு முறையும் அடைப்பை அரம்போல் அராவுகிறது; கசிவு தொலைவில் இல்லை. தண்டு வளைந்திருப்பின் ஆராய்ச்சி வேண்டா, மாற்றுக. கதவு முடிவில் 'டங்' என்று அடித்து நின்றால், எண்ணெய் போய்விட்டதென்று அறிக. மூடும்போது கதவு ஒருபுறம் சாய்ந்து பூட்டோடு பொருந்தாமற் போனால், ஒரு தாங்கி மற்றதைவிட நலிந்திருக்கக்கூடும்.

தாங்கி நன்றாயிருந்தும் கதவு விழுவதுண்டு. பின்கதவில் ஏணி, கூடுதல் விளக்கு, ஒலிபெருக்கி முதலியவற்றைப் பொருத்தியிருந்தால் கதவின் எடை கூடிவிடும். விளிம்பில் ஏற்றிய 2 கிலோ, கீலருகே ஏற்றிய 10 கிலோவுக்குச் சமமாகலாம். தாங்கியைப் பழிக்குமுன் வேண்டாத அணிகலன்களைக் கழற்றிப் பார்ப்பது நன்று.

பேணும் முறை

பேணுதல் என்றவுடன் எண்ணெய்க் குப்பியை எடுப்பது நம்மவர் வழக்கம். இங்கே அது தீங்கு. வெளியே பூசும் எண்ணெயும் கிரீஸும் தில்லியின் புழுதியை இழுத்துத் தண்டில் ஒட்டவைக்கும். அப்புழுதி உள்ளே சென்று அடைப்பை அறுக்கும். கோடையில் புழுதிக் காற்று வீசிய பின்னர் உலர்ந்த மெல்லிய துணியால் தண்டைத் துடைத்தாலே போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய் முதலியவற்றால் கழுவுதல் கூடாது, ரப்பர் கெடும். வண்டிக்கு வண்ணம் பூசும்போது தண்டைக் காகிதம் சுற்றி மறைக்கச் சொல்லுக. காய்ந்த வண்ணத் துளி ஒன்றே அடைப்பைக் கிழிக்க வல்லது.

இருமுனைகளிலும் உள்ள குண்டும் கிண்ணமும் பொருந்தும் மூட்டில் மட்டும் ஒரு பொட்டுக் கிரீஸ் வைக்கலாம். கதவின் கீல்களுக்கு எண்ணெய் இடுவது நன்மையே. கீல் இறுகினாலும் ஆடினாலும் தாங்கி பக்கவாட்டில் நெளிந்து தேயும். தாங்கியைக் கைப்பிடியாகப் பிடித்து வண்டிக்குள் ஏறுவதும், அதில் பை தொங்கவிடுவதும், குழந்தைகள் அதைப் பற்றி ஊசலாடுவதும் தண்டை வளைக்கும். ஊருக்குப் போயிருந்து மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தவர்கள், திரும்பியதும் முதல்முறை கதவு சற்று இறுக்கமாகத் திறப்பதைக் கண்டு அஞ்ச வேண்டா; இரண்டு மூன்று முறை திறந்து மூடினால் அடைப்பு இளகிவிடும்.

செலவு செய்யுமுன்

பழைய வண்டிக்குச் செலவு செய்வதற்கு முன் தில்லிவாசிகள் வேறொன்றையும் எண்ணவேண்டியிருக்கிறது. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் தில்லி வட்டாரத்தில் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் ஆணையிட்டது. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தடை வந்தது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் இவற்றை நிலைநிறுத்தியது. 2025 ஆகஸ்டில் அந்நீதிமன்றமே, வயதை மட்டும் காரணமாகக் கொண்டு உரிமையாளர் மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டா என்றது. அதே ஆண்டு டிசம்பரில் அப்பாதுகாப்பு பிஎஸ்-4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கே என்று வரையறுத்தது. ஆணைகள் மாறிவருவதால், பதிவுப் புத்தகத்தில் உங்கள் வண்டியின் தரத்தைப் பார்த்துக்கொண்டு, அன்றைய நிலையைப் போக்குவரத்துத் துறையிடம் அறிந்தே பெருஞ்செலவுகளில் இறங்குக.

ஆயினும் தாங்கி மாற்றுவதை இக்காரணத்தால் தள்ளிப்போட வேண்டா என்பது நம் கருத்து. எஞ்ஜினைப் பிரித்துப் பழுது பார்ப்பதைத் தள்ளிப்போடலாம். அதனால் வண்டி நின்றுபோகும், அவ்வளவே. இதுவோ மனிதர் தலைக்கு மேல் நிற்பது. வண்டியைத் தடையில்லாச் சான்று பெற்றுத் தமிழகத்துக்குக் கொண்டுசெல்லவிருப்போரும், விற்கவிருப்போரும், அடுத்தவர் கையில் ஒப்படைப்பது விழாத கதவாக இருக்கட்டும்.

வாங்கும் இடத்தில்

கிட்வாய் நகரத்தார்க்கு வழி எளிது. ஐ.என்.ஏ. நிலையத்தில் மஞ்சள் தடத்து மெட்ரோ ஏறினால் இடையில் மாறாமலே காஷ்மீரி கேட் சென்று இறங்கலாம். அங்குள்ள வண்டி உறுப்புக் கடைவீதி வட இந்தியாவிலேயே பெயர் பெற்றது. கரோல் பாகிலும் கடைகள் உண்டு. ஆயினும் முதலில் உங்கள் வண்டி நிறுவனத்தின் உறுப்பு விற்பனையகத்தில் விலையைக் கேட்டுக்கொண்டு செல்வது நலம். கடைவீதியில் பேரம் பேச அதுவே அளவுகோல்.

கையில் நான்கு செய்திகள் குறித்துச் செல்லவேண்டும். பழைய குழலின் மேல் அச்சிட்ட உறுப்பு எண் முதலாவது. விசை இரண்டாவது, எண்ணை அடுத்து என் என்னும் ஆங்கில எழுத்து இருக்கும், அது நியூட்டனைக் குறிக்கும். முழுதும் நீண்ட நிலையில் ஒரு குண்டின் மையத்திலிருந்து மறுகுண்டின் மையம் வரையுள்ள நீளம் மூன்றாவது. முனைகளின் வகையும் குண்டின் அளவும் நான்காவது. நீளம் மிகுந்தால் கதவின் கீல் முறியும். குறைந்தால் கதவு தலைக்குத் தாழ்வாக நிற்கும்.

விசை கூடினால் கதவு இன்னும் நன்றாக நிற்குமே என்று எண்ணி வலிய தாங்கியை வாங்குவோர் உண்டு. மூடும் ஒவ்வொரு முறையும் அந்த மிகுவிசை கதவின் தகட்டையும் கீலையும் நெளிக்கும்; வீட்டிலுள்ள முதியோர்க்கு மூடுவதே போராட்டமாகும். கதவில் நிலையாக எடை கூட்டியிருந்தால் அன்றி, முன்னிருந்த விசையே தகும்.

எப்போதும் இரண்டாகவே வாங்குக. இணையெருதுகளில் ஒன்று இளையதாகவும் மற்றொன்று கிழடாகவும் இருந்தால் நுகம் கோணும். ஒன்று மட்டும் புதிதானால் கதவும் அவ்வாறே முறுக்கேறும். புதிய தாங்கியைக் கையால் அழுத்திப் பார்த்து, அசையவில்லையே என்று பழுதாகக் கருதவேண்டா. 51 கிலோ விசையைக் கையால் மட்டும் வெல்வது எளிதன்று.

பழைய தாங்கிக்கு மீண்டும் வாயு அடைத்துத் தருகிறோம் என்று குறைந்த விலைக்குச் சொல்வோர் இருப்பர். வாயு போனது அடைப்பு தேய்ந்ததால்; அடைப்பை மாற்றாமல் வாயுவை மட்டும் அடைத்தால் அது மீண்டும் போகும். அதைவிட, 100 மடங்கு அழுத்தம் தாங்க வேண்டிய குழலில் துளையிட்டுப் பற்றவைப்பது ஆபத்து. அதற்கு இணங்கற்க.

மாற்றும் முறை

இது இருவர் செய்யும் வேலை. அரைமணி நேரம் போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்திக் கைபிரேக் இடுக. கதவை முழுதும் திறந்து, அதன் எடையைத் தாங்கவல்ல மரச்சட்டம் ஒன்றைத் துணிசுற்றி முட்டுக்கொடுக்க. துடைப்பக் கட்டையை நம்பலாகாது. முட்டு இருந்தாலும் துணைவர் கதவை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு பக்கத்துத் தாங்கியை மட்டும் கழற்றுக. முனையிலுள்ள கிண்ணத்தின் மேல் வளைந்த கம்பிக் கிளிப் ஒன்று காணப்படும். சிறிய தட்டைத் திருப்புளியை அதன் கீழ் நுழைத்துச் சிறிதளவு நெம்பினால் பிடி தளரும். கிளிப்பை முழுதும் பிடுங்க வேண்டுவதில்லை. பின் கிண்ணத்தைக் குண்டிலிருந்து நேராக இழுத்தால் கழன்றுவரும். மறுமுனையையும் அவ்வாறே கழற்றுக. சில வண்டிகளில் குண்டுக்குப் பதில் போல்ட் இருக்கும். அதற்கேற்ற ஸ்பானர் வேண்டும்.

குண்டைத் துடைத்து, தேய்ந்திருக்கிறதா, அதன் அடித்தளம் ஆடுகிறதா என்று பார்த்து, ஒரு பொட்டுக் கிரீஸ் வைத்துப் புதியதைப் பொருத்துக. மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கும்படி அமைதல் வேண்டும். கிண்ணம் குண்டில் 'டக்' என்ற ஒலியுடன் அமரும். இழுத்துப் பார்த்து உறுதி செய்க. அதன் பின்னரே மறுபக்கத்தைத் தொடுக. இரண்டையும் ஒருசேரக் கழற்றுவதும், ஒன்றை மட்டும் மாட்டிய நிலையில் கதவை மூடிப் பார்ப்பதும் கூடா.

இரண்டும் பொருத்தியபின் முட்டை எடுத்துவிட்டுக் கதவை மெல்ல இறக்குக. பாதி வழியில் எங்கேனும் தடுத்தால் வலிந்து அழுத்தாமல் நீளத்தைச் சரிபார்க்க. நன்றாக மூடித் திறந்தால் வேலை முடிந்தது. தாங்கி கடையிலிருந்து வரும்வரை இடையில் வண்டியைப் பயன்படுத்த நேர்ந்தால் மரச்சட்டத்தை வண்டியிலேயே வைத்துக்கொள்க. கொறடாவால் தண்டைக் கவ்விப் பிடித்து நிறுத்துவார் சிலர். அது தண்டைக் கீறிவிடும்.

கழித்த தாங்கியை என் செய்வது?

இதுவே இக்கட்டுரையில் நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது. வலுவிழந்த தாங்கி வெறுமையான தாங்கி அன்று. மேலே கண்ட கணக்கில், கதவைத் தாங்க இயலாமற்போன தாங்கியிலும் தொடக்க அழுத்தத்தில் 100க்கு 85 பங்கு எஞ்சியிருந்தது. அதனை அறுத்தாலும், துளைத்தாலும், நெருப்பிலிட்டாலும் தண்டு அம்பெனப் பாயும். தீப்பற்றிய காரில் தாங்கிகள் வெடித்துச் சிதறுவதைத் தீயணைப்போர் அறிவர். எரியும் வண்டியின் முன்னும் பின்னும் நின்று வேடிக்கை பார்க்கலாகாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் வீட்டு வாயிலில் குரல் கொடுக்கும் கபாடிக்காரர் இதனைப் பழைய இரும்பு என்று எடைபோட்டு வாங்கிச் செல்வார். அவரிடமிருந்து அது பழைய இரும்புச் சந்தைக்குப் போகும். அங்கே ஒரு தொழிலாளி அதனை யாதென்று அறியாமல் வெட்டும் சுடரின் முன் வைப்பார். 2010 ஏப்ரலில் மாயாபுரிச் சந்தையில் நேர்ந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். தில்லிப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பயன்படாது கிடந்த கருவி ஒன்று ஏலத்தில் பழம்பொருளாக விற்கப்பட்டது. அதனுள் கதிரியக்கக் கோபால்ட்-60 இருப்பதை அறியாமல் பிரித்தவர்களுள் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் கதிர்வீச்சால் துன்புற்றனர். வாயுத்தாங்கியில் கதிரியக்கம் ஏதுமில்லை. இரண்டையும் ஒப்பிடுதல் அளவில் பொருந்தாது. ஆனால் நீதி ஒன்றே: உள்ளே இருப்பது யாதென்று அறிந்தவர் சொல்லாமல் கைமாற்றினால், அதன் விலையை அறியாதவர் கொடுக்கிறார்.

ஆகவே பழைய தாங்கிகளைப் புதியவை வாங்கிய கடையிலோ வண்டி நிறுவனத்தின் பழுது பார்க்கும் நிலையத்திலோ திருப்பிக் கொடுப்பதே முறை. அவர்கள் ஏற்காவிடில், எடுத்துச் செல்பவரிடம் இதற்குள் அழுத்தமுள்ள வாயு உண்டு, வெட்டாதே, சுடாதே என்று இந்தியில் வாயாற் சொல்லுக. குழலின் மேல் சிவப்பு வண்ணத்தில் எழுதியும் ஒட்டுக. வீட்டில் தாமே துளையிட்டு வாயுவை வெளியேற்ற முயல்வது வேண்டா. அதற்குரிய பிடிப்புக் கருவியும் காப்புக் கண்ணாடியும் முறை தெரிந்த கையும் தேவை.

நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்குப் பந்தற்சாமான்களும் கரும்புக் கட்டும் அண்டாக்களும் ஆண்டுதோறும் அன்பர்களின் வண்டிகளிலேயே வருகின்றன. அவற்றை இறக்குபவர்கள் வண்டிக்காரர் மட்டுமல்லர். கதவின் குணம் அறியாத இளைஞரும் சிறுவரும் முன்வந்து குனிகிறார்கள். ஆதலின் மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு உடைய அன்பர்கள் இம்மாதத்திலேயே ஒரு நாள், பனி விலகுமுன், மேற்சொன்ன இரண்டு நிமிடச் சோதனையைச் செய்துவிடுவார்களாக. கதவு நின்றால் துணியால் தண்டைத் துடைத்துவிட்டு வீட்டுக்குள் சென்று காப்பி அருந்தலாம். நில்லாவிடில், விழாவுக்கு முன்னரே காஷ்மீரி கேட் செல்லும் வண்டியைப் பிடிக்கவேண்டியதுதான்.